சன்னல் பக்கத்துத் தட்டு

காலையிலிருந்து வலது கை விரலில் விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். மேசையில் நான்கு எவர்சில்வர் தட்டுகள் கிடக்கின்றன. எது எந்தச் சுவரில் இருந்தது என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீ எழுதியதில்லை. உனக்கு அது தேவைப்படவும் இல்லை.

நம் சமையல்கட்டைப் புதிதாகப் போடுகிறார்கள். மருமகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நாலு சுவரிலும் கதவு, ஒரு கரண்டிகூட வெளியே தெரியவில்லை. எல்லாம் சரி, சன்னல் பக்கம் பாத்திரம் அடுக்கும் தட்டுக்கு மட்டும் கதவு கூடாது என்றேன்.

"காத்து அடிக்கிற இடம் மாமா. தூசி அடைஞ்சிரும்ல?"

"அங்கன அடையாது. வேற எங்கன வேணாலும் அடையும்."

"யாரு சொன்னாக?"

ஆசாரி எப்போது வருகிறார் என்று கேட்டேன். பதில் சொல்லியிருந்தால் உன்னைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வீடு கட்டி முடித்தபோது மேற்கே திராட்சைத் தோட்டமும் ஒரு வண்டிப்பாதையும்தான். ஆடியில் மலை இறங்கி வரும் காற்று அந்தப் பாதையின் செம்மண்ணை அள்ளிக்கொண்டு நேராக நம் சமையல்கட்டு சன்னலுக்குள் வரும். சன்னல் பக்கம் கதவு, எதிர்ச் சுவரில் கதவில்லாத கடப்பாக்கல் தட்டு என்று நான் முடிவு செய்திருந்தேன். காற்று வருகிற வாசலிலேயே யாராவது பாத்திரத்தைத் திறந்து வைப்பார்களா என்று உன்னிடம் கேட்டேன்.

"வைக்கமாட்டாகதான்" என்றாய். "ஆனா ஆடி முடியட்டும்ங்க."

மறுநாள் பார்த்தால் நான்கு சுவரிலும் பலகை முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றிலும் விளக்கெண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்திருந்தாய்.

"ஏய், யாருக்குப் படையல்?"

"காத்துக்கு."

ஒரு மாதம் பாத்திரங்கள் சாக்கில் கிடந்தன. பருப்புக்கும் புளிக்கும் நீ குனிந்து குனிந்து எழுந்தாய். சாமான் வைக்க இடமில்லாமல் குடித்தனமா என்று என் அக்கா வந்து என்னைத்தான் ஏசிவிட்டுப் போனாள். நீ அசையவில்லை. ஆடி முடிந்ததும் தட்டுகளைப் பின்வாசல் படியில் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டாய். எதிர்ச் சுவர்த் தட்டு மண் பூசியதுபோல் இருந்தது. சன்னலை ஒட்டி இருந்த தட்டில் என் முகம் தெரிந்தது.

எனக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. சன்னல் வழியாக வந்த காற்று பக்கத்தில் இருந்ததைத் தொடவே இல்லை. நேராகப் போய் எதிர்ச் சுவரில் மோதி, சுமந்து வந்ததை எல்லாம் அங்கே போட்டிருக்கிறது. தினமும் அந்த அறைக்குள் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அதை நீ தட்டில் பிடித்து வைத்துவிட்டாய்.

மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்ட நான் யாரிடமும் போய்க் கற்றதில்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்து, கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கற்றேன். சோதிக்காமல் எதையும் நம்பமாட்டான் என்று கம்பம் ஊர்த் தோட்டக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் காற்றைச் சோதிக்கவில்லை. சோதித்த நீ, "பாத்தீகளா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

பாத்திரத் தட்டு சன்னல் பக்கமே, கதவில்லாமல், நீ சொன்னபடி அமைந்தது. ஆடியில் ஊரெல்லாம் பாத்திரத்தைக் கழுவிக் கழுவிச் சமைக்க, நீ எட்டி எடுத்து அப்படியே உலை வைத்தாய். வந்தவர்கள் எல்லாரும் இதெப்படி என்று கேட்டார்கள். "நான் போட்ட கணக்கு" என்றேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு நறுக்கியது. அதற்கப்புறம் எத்தனை பேரிடம் சொன்னேனோ, கத்தி நிற்கவே இல்லை.

ஆடி முடியும் வரை மரவேலை கிடையாது என்று இந்தத் தடவை நான்தான் அடம்பிடித்தேன். ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டு போனார். மருமகள், "கிச்சன் போடச் சொன்னா மாமா காத்துக்கு ஜாதகம் பாக்குறாக" என்று மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். உன் தட்டு ஜெயிக்கப்போகிறது, அதை இவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று நானும் விளக்கெண்ணெய் தடவி வைத்தேன்.

இன்று காலை எடுத்தேன். சன்னல் பக்கத்துத் தட்டில் முகம் தெரியவில்லை. விரலால் வழித்தால் செம்மண் சுருண்டு வந்தது. எதிர்ச் சுவர்த் தட்டு பளபளவென்று இருந்தது.

மேற்கே இப்போது திராட்சை இல்லை, போன ஆடிக்கு அப்புறம் எழும்பிய இரண்டு மாடி வீடு ஒன்று நிற்கிறது. காற்று அதில் மோதிச் சுற்றி வந்து, சன்னலுக்கு எதிரே உள்ள நம் பின்கதவு வழியாக நுழைந்து, சன்னல் சுவரில் வந்து விழுகிறது. அந்த வீடு எழும்பியதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இது தோன்றவில்லை.

வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. தோளில் துண்டு இருந்தது. ஒரு துடை துடைத்திருந்தால் உன் தட்டு கதவில்லாமல் இருந்திருக்கும். துண்டைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் துடைத்துவிட்டால் மிஞ்சுவது உன் தட்டு மட்டும்தான், நீ கண்டுபிடித்த சோதனை போய்விடும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மருமகள் எழுந்து வந்ததும் நான்கையும் அவள் முன்னால் வைத்தேன். "சன்னல் பக்கம் கதவு போட்டுக்கோ. எதிர்ச் சுவர்ல வேணாம், அங்கன திறந்தே கிடக்கட்டும்."

அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். சன்னலையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆத்தாடி" என்றாள் மெதுவாக. "இது யாரு மாமா சொல்லிக் குடுத்தது?"

"உங்க அத்தை. முதல்ல போட்ட தட்டும் அவ கணக்குதான். நான் போட்டேன்னு சொன்னது பொய்."

"அத்தை ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொல்லமாட்டா."

ஆசாரி வந்து அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே உட்கார்ந்து எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. எழுதப் படிக்க என்னைவிடக் குறைவாகத் தெரிந்த உனக்கு, எண்ணெய் தடவித் தட்டை வைத்தால் காற்று தன் வழியைக் காட்டிக்கொடுக்கும் என்று எப்படித் தோன்றியது? எந்த வேலையின் நடுவில் தோன்றியது? நீ இருந்தவரை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், அது உன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும் அல்லவா.