கழுவாத மா

மச்சான்,

பொதியைப் பிரிக்க முன்னரே புகை மணந்தது. வெளியே, நோர்வேயின் இந்த ரொம்சோஸில், முதல் பனி தூறிக்கொண்டிருக்கிறது. மனைவி ஜன்னலைத் திறக்கப் போனாள், நான் விடவில்லை. இத்தாலி மலையிலிருந்து உன் சிநேகிதன் பியேரோ அனுப்பிய செஸ்ட்நட் கொட்டை மா. மேலே உன் பெயர், கீழே நாம் சேர்ந்திருந்த இந்த வீட்டு விலாசம். நீ போன பிறகு இது இரண்டாவது கார்த்திகை. அவனுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

போன வருடமும் மா வந்தது. ஒரு கிழமை அதைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பிட்டு அவித்துச் சாப்பிட்டேன். சொல்லிவிட்டால் உன் பெயர் எழுதிய பொதி இனி எங்கிருந்தும் வராது. கள்ளன்தான் நான், ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஆட்கள் கூடினால் கோயில், பள்ளிக்கூடம் என்று ஊர்க்கதை போகும். நீ மட்டும், நோர்வே வர முன்னர் இரண்டு வருடம் இருந்த அந்த மலையைத் தொடங்குவாய். "இவன் யாழ்ப்பாணத்தானோ, இத்தாலிக்காரனோ?" என்று சிரிப்போம். நீ கோபிக்கவே மாட்டாய்.

"அங்கை நாப்பது வீடு, முப்பதுக்குப் பூட்டு. சனம் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் உழைக்கப் போட்டுது. அதாலை என்னைக் கண்ட உடனை, நானும் ஊரை விட்டு வந்தவன் எண்டு அவைக்கு விளங்கிச்சுது," என்பாய். உலகப் போர்க்காலத்தில் ராணுவம் களஞ்சியங்களை எரித்தபோது, காட்டில் விழுந்த கொட்டைகள்தான் அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தனவாம். எங்களுக்குப் பனை எப்படியோ அவர்களுக்கு அந்த மரம் அப்படி என்று சொல்லுவாய். மூடுபனி இறங்கிய காட்டில், காட்டுப்பன்றிக்கு மிச்சம் விடாமல் பொறுக்க வேண்டும். முள்ளுக்கோது விரலைக் கிழிக்கும். பிறகு கல்வீட்டுப் பரணில் பரப்பி, கீழே நாற்பது நாள் மெல்லிய நெருப்பு. அந்தப் புகைதான் மாவில் மணப்பது.

மாவைக் கழுவிய கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! பியேரோ முதன்முதலில் ஒரு பை மா தந்தபோது உனக்கு அது அச்சொட்டாக, பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற எங்கள் ஒடியல்மா. ஒடியலுக்குக் கசப்பு எடுப்பதுபோல் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று தரம் வடித்து ஊற்றினாய். கதவைத் திறந்து வந்த பியேரோ தலையில் கைவைத்துக் கத்தினான். அது கசக்கிற மா அல்ல, இனிக்கிற மா. நாற்பது நாள் இனிப்பு வாய்க்காலோடு போய்விட்டது. மிச்சத்தைப் பிட்டாக அவித்து, ஆட்டுப்பால் சீஸோடு இருவரும் சாப்பிட்டீர்கள்.

"வாயிலை வைக்கேலாது மச்சான். ஆனா அந்த மனிசன் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கேல்லை."

அடுத்த வருடம் அவன் உனக்கென்று ஒரு மரத்தையே காட்டித் தந்தான். இங்கே வந்த பிறகும் அந்த மரத்து மாதான் வந்தது.

ஒவ்வொரு இலையுதிர்காலமும் நீ கேட்பாய்: "இந்த முறை பொறுக்கப் போவமே?" எனக்கு ஓவர்டைம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கார் பழுது. "அடுத்த வருசம் பாப்பம்," என்பேன். நீயோ நம்பி, ஸ்ட்ரோம்மன் கடையில் இரண்டு சோடி தோல் கையுறை வாங்கி வைத்தாய். ஒரு மார்ச் காலை வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். பிறகு எழும்பவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கு என்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

இம்முறை பொதிக்குள் அவனுடைய மகள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, இனி மேட்டுக்கு ஏற முடியாது, அடுத்த முறை உங்கள் மரத்தை நீங்களே வந்து பொறுக்குங்கள் என்று. இதற்கு மேலும் எப்படி மறைப்பது? கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். மகளிடம் சொன்னேன். அவள் தகப்பனிடம் சொல்வது கேட்டது.

பிறகு அவனுடைய கரகரத்த குரல். போன வருட மாவை யார் சாப்பிட்டது என்று அப்பா கேட்கிறார் என்றாள்.

"நான்தான்," என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

மறுபடியும் அந்தக் குரல். அவள் மொழிபெயர்த்தாள்:

"கழுவினீர்களா என்று கேட்கிறார்."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன் மச்சான். அழுகைதான் வந்தது. அங்கே அந்த மனிதனும் அழுதான். போனை வைக்க முன்னர், மரம் அதே இடத்தில்தான் நிற்கிறது, வரச் சொல்லு என்றானாம்.

வருகிற ஐப்பசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கையுறைகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உன்னுடையது எனக்குச் சற்றுப் பெரிது. இரண்டு சோடியையும்தான் கொண்டு போகிறேன்.