தப்பான இடத்தில் ஒட்டின பொட்டு

மாஸ்டர்,

போன வாரம் உங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் நாலாவது பட்டன் மேல் விரல் நெருடியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பாதி பிய்ந்து, மெரூன் நிறம் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பெண்சாதியின் அட்டையிலிருந்து நான் உரித்து வைத்தது. இத்தனை வருஷமாக நீங்கள் அதை எடுக்கவே இல்லை. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் பேசப் பேச இந்த போனே எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறது என்று படித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது என் வீட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

விழுப்புரத்தில் அந்த மியூசிக் கடைக்கு நான் பெட்டி தூக்கப் போனவன். கீபோர்டு, மிக்சர், எக்கோ மிஷின் வாங்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிற ஆள் ஒருநாள் வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். அன்றைக்கே ரெண்டு கீபோர்டு போனது. அதோடு நான் சேல்ஸ்மேன் ஆகிவிட்டேன். அனந்தபுரம், கண்டாச்சிபுரம் என்று பஸ்ஸில் மிஷினை ஏற்றிக்கொண்டு ஆர்கெஸ்ட்ராக்காரர்களையும் கோயில் பாட்டுக் குழுக்களையும் தேடித் திரிந்தேன். திண்டிவனம் மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு நீங்கள்தான் மாஸ்டர். புது மாடல் வந்தால் முதலில் உங்கள் வீடு. மிஷினோடு வருகிற இங்கிலீஷ் புத்தகத்தை நீங்கள் படித்துச் சொல்வீர்கள். நான் ஒருதரம் கேட்டால் போதும். எந்தப் பட்டனை எத்தனை தட்டினால் தவில், எதைத் தட்டினால் புல்லாங்குழல் என்று மனசில் ஏறிவிடும். முக்கியமான பட்டனுக்குப் பொட்டு ஒட்டிக்கொள்வேன்.

உங்கள் கோயில் சாமியார் ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கீபோர்டுக்குப் பொட்டு வச்சிக்கினு வந்திருக்க?" என்று கேட்டார். நீங்கள் சிரிக்காமல், "அதுக்குக் கண்ணு பட்டுடுமாம் ஃபாதர்" என்றீர்கள். அப்படித்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரு வருஷம் கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருந்தது. ஊர் ஊராகப் பாட்டுக் குழுக்களைக் கூப்பிட்டு விழுப்புரத்தில் ஒரு ஹாலில் டெமோ வைத்தோம். மெட்ராசிலிருந்து மேனேஜர் வந்திருந்தார். லாரியில் வரவேண்டிய கீபோர்டு வரவில்லை. உங்களுடையதைக் கேட்டேன். கிறிஸ்துமஸ் பூசைக்காக ரெண்டு மாதம் உட்கார்ந்து அதில் பதினெட்டுப் பாட்டுக்கு இசை ஏற்றி வைத்திருந்தீர்கள். இருந்தும் யோசிக்கவில்லை. "எட்த்துக்கினு போ. நாங்களும் அங்கதான வர்றோம்" என்றீர்கள்.

உங்களுடையது அதே கம்பெனிதான், ஆனால் எனக்குப் பழகினதற்கு அடுத்த மாடல். புத்தகத்தை ஒருதரம் படியுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்கிற திமிரு. பழைய மாடலின் இடத்தை நினைத்துப் பொட்டை ஒட்டினேன்.

வாசித்ததை எப்படிப் பதிந்து வைப்பது என்று மேனேஜர் காட்டச் சொன்னார். பொட்டு வைத்த பட்டனைத் தட்டினேன். திரையில் என்னவோ எழுத்து வந்து நின்றது. பழைய மாடலிலும் இப்படி ஒன்று வரும், வலது பக்கம் தட்டினால் பதிந்துவிடும். தட்டினேன். ஒரு கோடு ஓடி முடிந்தது. முதல் பாட்டைப் போட்டேன், சத்தம் இல்லை. பதினெட்டு வரைக்கும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வெறுமை.

"யாருங்க இதத் தொட்டது?" என்றார் மேனேஜர்.

உங்கள் பாட்டுக் குழு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள். நான் சொன்னேன்: "மாஸ்டர்தான் சார் காலைல என்னமோ நோண்டிக்கினு இருந்தாரு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இவனுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு என் பிழைப்பு போயிருக்கும்.

"ஆமா சார். என் கைதான் பட்டிருக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் வேகவைத்த மல்லாட்டை வாங்கினீர்கள். உரித்து உரித்துப் பாதிக் கடலையை என் கையில் வைத்தீர்கள். நான் தின்றேன்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு வெறும் ஆர்மோனியத்தை வைத்துப் பாடினார்கள். உங்களுக்கு 'அழிச்ச மாஸ்டர்' என்று பேர் வந்தது. பொங்கல் கழித்துக் குழுவை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கடலூர் வரைக்கும் ஏரியா கொடுத்தார்கள். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, கல்யாணப் பத்திரிகையின் முதுகில் மூன்று இங்கிலீஷ் எழுத்தை எழுதிக் காட்டினீர்கள். "அழிக்கட்டுமான்னு கேட்டுக்கினு மிஷின் நிக்கும். இந்த மூணு எழுத்து இருக்கும். பாத்தா கைய எடுத்துடு." அந்த விஷயத்தில் நீங்கள் என்னிடம் பேசினது அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நாம் ரெண்டு பேரும் நிற்கிறோம். உங்கள் கோயில்காரர் ஒருத்தர், "இன்னா அழிச்ச மாஸ்டரு, கெளம்பிட்ட? அங்க போயி எத்த அழிக்கப் போற?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பொய் சொன்னதாவது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பு எதில் வந்தது மாஸ்டர்? அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் முழுங்க முடியவில்லை.

உங்களை அடக்கம் பண்ணி, முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள்தான் உங்கள் வீட்டம்மா கீபோர்டை என்னிடம் கொடுத்து, நல்ல பாட்டுக் குழுவாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். பொட்டைப் பார்த்த அன்று சாயங்காலமே திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. முழுசும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது அண்ணே? அவரு பேரு கெட்டது கோயில்ல. அங்க போயி சொல்லுங்க" என்றார்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்ததும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பாட்டுக் குழு முன்னால் நின்றேன். எல்லாம் சின்னப் பெண்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, அழித்தது நான், மாஸ்டர் மேல் தப்பில்லை என்றேன். ஒன்றுக்கொன்று பார்த்துக்கொண்டார்கள். "கடைசி பெஞ்சுல உக்காருவாரே, செத்துப்போன அந்தத் தாத்தாவா? அவருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

கதவைச் சாத்த வந்த, அந்தக் காலத்திலிருந்தே சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியாருக்கு மட்டும் புரிந்தது. "அப்ப அது நீயா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் அந்தாள அந்தப் பேரு சொல்லித்தான்யா கூப்ட்டுக்கினு இருந்தேன், சாவற வரைக்கும்." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் முகத்தை அப்புறம் அவர் பார்க்கவில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பெண் கீபோர்டை ஆன் பண்ணினாள். "இதுல பழைய மியூசிக் கெடக்குது தாத்தா. பதினெட்டு இருக்கு. எடுத்துட்டு எங்களுது ஏத்திக்கவா?"

பதினெட்டு. யாரும் கேட்காத பாட்டுக்கெல்லாம் மறுபடி உட்கார்ந்து ஏற்றி வைத்திருக்கிறீர்கள். எதையோ தட்டினாள், திரை நின்றது. நான் குனிந்து பார்த்தேன். அதே மூன்று எழுத்து.

"கைய எடும்மா" என்றேன். எடுத்துவிட்டாள்.

வரும்போது நாலாவது பட்டனிலிருந்து பொட்டை நகத்தால் உரித்துக்கொண்டு வந்தேன். சட்டைப் பையில் இருக்கிறது. அது உங்கள் கீபோர்டில் இருக்க வேண்டியது இல்லை மாஸ்டர். அது என்னுடையது.