பிள்ளை சுகம்

அம்மா,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். பிள்ளை சுகம். எஃபுவா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

ஏழாம் மாதமே அவளுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கின. டாக்டரிடம் சொன்னோம். ஆப்பிரிக்கப் பெண்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள் என்று அவர் சிரித்தார். அதன் பிறகு அவள் எவரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை பிறந்த மறுநாள் மயங்கி விழுந்தாள். இதயம் பலவீனமாகிவிட்டதாம். தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள்.

"கர்ப்ப காலத்தில் மனதை வருத்தும்படி ஏதும் நடந்ததா?" என்று இதய மருத்துவர் கேட்டார். எஃபுவா என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லை" என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை வரப்போகிறது என்று நான் சொன்ன அன்று நீங்கள் போனில் கத்தியபோது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். 'கறுப்பி' என்ற சொல் அவளுக்கு விளங்கும், அம்மா.

நேற்று மூச்சுத் திணறலோடு தமிழில் கேட்டாள்: "அம்மாவுக்குப் பிள்ளையைக் காட்டினீங்களோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? என்னால் ஒன்றும் செய்ய ஏலாமல் இருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய இதயத் துடிப்பு ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் டோர்ட்முண்டிலிருந்து இங்கே டுசல்டோர்ஃபுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். வாங்கோ, அம்மா. அவள் பார்க்கப் பிள்ளையை ஒருக்கா தூக்குங்கோ.

உங்கள் மகன்