குடைக்கடைத் தொட்டியில் பச்சைத் தண்ணீர்

என் அருமை மாப்பிள்ளை காதருக்கு,

போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். உன் மேல் எனக்குக் கோபம். உன் தம்பி சலீம் மேல் கோபம், ஊர் மேல் கோபம். முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன், மற்றது பிறகு.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியடியில் உன் குடைக்கடையில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாயே, அது பச்சையாகிப் போனது. லேசான பச்சை என்று நினைக்காதே. கறிவேப்பிலைத் துவையலைக் கரைத்துவிட்ட மாதிரி. மெட்ராஸிலிருந்து கூஜாவில் வைத்து, கப்பலில் கண் மூடாமல் இந்தத் தீவுக்கு நீ கொண்டுவந்த கப்பி மீன்களின் வாரிசுகள் உள்ளே இருந்தனவா என்றே தெரியவில்லை. "அரே, பானி தோ ஹரா ஹோ கயா!" என்று, தண்ணீர் பச்சையானதைச் சொல்லி, அக்கரை போகிற போட்டுக்குக் காத்து நின்ற பெங்காலி வாத்தியார் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது?

எல்லாம் சலீம் செய்த வேலை என்றுதான் நினைத்தேன். "மழ வர்ற வரைக்கும் குடைய யாருண்ணே பாக்குறா? தொட்டியப் பாத்தாவது நாலு பேரு நிக்கட்டும்" என்று, உள்சுவரோரம் உன் முக்காலிக்கு முன்னால் இருந்ததை வெயில் அடிக்கிற வாசலுக்கு இழுத்துவிட்டான். பச்சையானதும் தண்ணீரை மாற்றினான். அதுவும் எப்போது? பெண்கள் குழாயடியில் குடத்தோடு வரிசை நிற்கிற மாசி மாதத்தில்! "மனுசனுக்கே தண்ணி இல்ல, மீனுக்கு என்னடா குளியலு?" என்று அவர்கள் போட்ட சத்தம் அக்கரையில் இருக்கிற சாத்தம் ஜெட்டி வரை கேட்டிருக்கும். நாலாம் நாள் மறுபடி பச்சை. மறுபடி மாற்றினான், மறுபடி பச்சை.

"இது பெரிய முசீபத்து, தீராத தொல்லைண்ணே. உடைச்சுத் தூக்கிப் போட்டுர்றேன்" என்றான். தொட்டுப் பாருடா, கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? உன் வீட்டுக்காரி மும்தாஜ் தங்கச்சி இத்தா இருந்தாள். புருசன் போனால் நாலு மாதம் பத்து நாள் உங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே வருவதில்லை. நம் டாலிகஞ்ச் வாய்க்காலில் இறங்கி வேலம்பாசி அள்ளி வந்து அந்தத் தொட்டியில் நட்டவள் அவள்தானே? வாரம் ஒருமுறை உன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். திரைக்குப் பின்னாலிருந்து முதல் கேள்வியே, "தொட்டி எப்புடிண்ணே இருக்கு?" என்பதுதான். நானும் வாய் கூசாமல், "பளிங்கு மாதிரி இருக்கும்மா" என்று சொல்லி வந்தேன்.

இத்தா முடிய இருபது நாள் இருக்கும்போது, "முடிஞ்சதும் நேரா கடைக்குத்தான் வருவேன்" என்றாள். நீ போனதைத் தாங்கியவள், அந்தக் குட்டையைப் பார்த்தால் என்ன ஆவாள்? அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"யாரு இரை போடுறா?" என்று கேட்டாள்.

"சலீம் போடுறான். போட்டுக்கு வர்றவுக எல்லாரும் போடுறாக. காதர் பேர்ல நன்மை சேரட்டும்னு..."

"நீங்க?"

"வேலைக்குப் போகும்போது கொஞ்சம் ரொட்டித்தூள். திரும்பி வரும்போது கொஞ்சம்."

ஆமாம் மாப்பிள்ளை. உனக்காக இந்த ஊரே அந்த மீன்களுக்குப் படையல் வைத்தது. பொரி, பிஸ்கட், முறுக்குத்தூள் வரைக்கும். காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை என்னுடையது. அதே கையால்தான் நானும் போட்டேன், தினம் இரண்டு வேளை, ஒருநாள் தவறாமல்.

தங்கச்சி பொரிந்து தள்ளிவிட்டாள். "உங்களுக்கெல்லாம் புத்தி இருக்காண்ணே? அவுக ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகைதான் போடுவாக. மிஞ்சுனது அழுகி, வெயிலும் சேந்தா தண்ணி பச்சையாகாம என்னாகும்? நன்மை வேணும்னா பசிச்ச மனுசனுக்குப் போடுங்க!"

புத்தி இருக்கா என்று நானும் உன்னைக் கேட்கிறேன். யாராவது இரை போடப் போனால் கையைத் தட்டிவிடுவாயே, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தாயா? கஞ்சப்பயல் என்று அல்லவா உன்னைக் கேலி செய்தோம்!

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினோம். ரப்பர் குழாய் விட்டு அடிக்கசடை உறிஞ்சி, பாதித் தண்ணீரை இறக்கி, தொட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினோம். வாய்க்காலில் நான் இறங்கிப் புது வேலம்பாசி கொண்டுவந்தேன். அட்டை கடித்தது, அது உன் கணக்கு. பிறகு குடைத்துணியை இரட்டையாக மடித்து நாலு பக்கமும் வெளிச்சம் புகாமல் மூடினோம். ஐந்து நாள் திறக்கக்கூடாது, இரை போடக்கூடாது என்பது அவள் உத்தரவு.

"என்னய்யா கறுப்புத்துணி, மீனும் மவுத்தாப் போச்சா?" என்றான் ஒருவன். இன்னொருவன் துணியைத் தூக்கிப் பொரி போடப் பார்த்தான். அவன் கையில் நான் வைத்த அடிக்கு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

ஐந்தாம் நாள் மாலை துணியை எடுத்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் கொஞ்சம் மெலிந்திருந்தன, ஆனால் நீந்தின. குனிந்து பார்த்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் உன் முக்காலி தெரிந்தது.

குடைக்கம்பியை வளைத்துக்கொண்டு அங்கேதானே உட்கார்ந்திருப்பாய்? போட்டை விட்டு இறங்கி வந்தால் செடிகளுக்கு நடுவே முதலில் உன் முகம்தானே தெரியும்? இத்தனை நாள் சலீமைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அந்த முக்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்திருக்கிறேன். சலீம் முன்னால் நின்று அழுதேன். அவனும் அழுதான்.

நேற்று தங்கச்சி வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் உன் முக்காலியில் உட்கார்ந்து, கம்பி ஒடிந்த ஒரு குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்று தண்ணீர் வழியாகப் பார்த்தேன்.

"பையிலேருந்து கைய எடுங்கண்ணே" என்றாள், தலை நிமிராமலே.

எடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த ரொட்டித்தூளை ஜெட்டியில் நின்று கடலில் உதறிவிட்டேன். இனி உன் பேரில் அந்தத் தொட்டிக்குள் என் கை போகாது. சத்தியம். வேறு யார் கையையும் விடமாட்டேன்.

தங்கச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு இங்கேயே கிடக்கும்,
உன் மச்சான் சண்முகம்