லைன் போன பிறகு

தேவராஜ மொஹல்லா, மைசூர்
7.2.1999

அன்பு மகன் பிரசாந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது.

எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள். அறுபத்தாறு வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றது. இந்த ஒரு பக்கத்துக்கே இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. அடுத்தவரை எழுதச் சொல்லும்போது வீட்டு விஷயம் வாயில் வராது. இப்போது நீயும் நானும் மட்டும்.

ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கூப்பிடும்போது அம்மா "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" என்பதோடு சரி. நீ வைத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வருகிறது. லைன் போன போனைக் காதில் வைத்துக்கொண்டு, "முட்டி வலிக்குது கண்ணு, ஒருக்கா வந்துட்டுப் போ" என்று பேசிக்கொண்டே இருப்பாள். பூத்துக்கார மாணிக்கவாசகம் காணாததுபோல் இருந்துவிடுவார். நீயும் அவளிடம் கேட்டுவிடாதே, கூசிப்போவாள்.

உன் அப்பா,
வேலாயுதம்


நியூ ஜெர்சி
6.3.1999

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஒரு சந்தோஷச் செய்தி. இங்கே தமிழர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது. ஒருவர் எழுதினால் எல்லா நாட்டிலும் கம்ப்யூட்டரில் படித்து உடனே பதில் போடுவார்கள். அதில் கதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் கதைக்கே அப்படி ஒரு வரவேற்பு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது என்று சிங்கப்பூரிலிருந்துகூட எழுதினார்கள். நீங்களும் வீட்டு விஷயங்களை நிறைய எழுதுங்கள்.

பிரசாந்த்


மைசூர்
18.4.1999

அன்பு மகனுக்கு,

லைன் போன போனில் பேசும் கிழவியைப் பற்றி நீ எழுதிய கதை இங்கே வந்துவிட்டது. மாணிக்கவாசகத்தின் மருமகனும் பெங்களூரில் அந்தக் குழுவில் இருக்கிறாராம். அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். பெயரையெல்லாம் மாற்றியிருந்தாய். பூத்துக் கதவில் கட்டிய சிவப்புக் கயிற்றை மாற்றவில்லை. "நம்ம பூத்து அமெரிக்கா போயிருச்சுங்க" என்று அவர் பெருமையாக எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நீ கூப்பிடுவாய் என்று அம்மா உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூத்துக்கு வருவதே இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் நான் சொன்னது பொய்.

உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், பிரசாந்த்.

அப்பா


நியூ ஜெர்சி
9.5.1999

அப்பா,

அது வெறும் கதை. அதில் வரும் கிழவிக்கு நஞ்சம்மா என்று வேறு பெயர்தான் வைத்தேன். படிப்பவர்களுக்கு அம்மாவைத் தெரியவே தெரியாது. எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் எல்லோர் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது. அம்மாவை ஒரு தடவை போனுக்கு வரச் சொல்லுங்கள்.

பிரசாந்த்


மைசூர்
30.5.1999

பிரசாந்துக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுவதும் கேட்டாள்.

"அத எழுதறப்ப அவனும் சிரிச்சானான்னு கேளுங்க" என்றாள்.

உன்னைக் கேட்காமலே, "இல்ல, அழுதுட்டேதான் எழுதினானாம்" என்று சொல்லிவிட்டேன். கதை கட்ட எனக்கும் வருகிறது. நம்பினாளா தெரியவில்லை, கீரை ஆயப் போய்விட்டாள்.

இனி உனக்கு எழுதும்போது, தெருவில் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுவேன்.

மைசூரில் நல்ல மழை. எல்லோரும் நலம். அடுத்த வாரமும் எழுதுகிறேன்.

வேலாயுதம்