வழக்கில் ஜெயித்த பாட்டு

அன்பு மகளே,

நீ வழக்கில் ஜெயித்தது செங்டு நகரம் முழுக்கத் தெரியும், நான்தான் சொன்னேன். உன் பாட்டின் திருட்டுப் பதிவுகளுக்கு வழிகாட்டிய அந்தத் தேடுபொறிக் கம்பெனியே நடுங்கியது, நீதிபதி எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார் என்றேன். அந்தத் திருட்டு இணைப்புகளை எல்லாம் உன் வக்கீலுக்குத் தேடிக் கொடுத்தவன் நான் அல்லவா!

தேநீர்க் கடையில் பாங் மட்டும், "யோவ், தினம் திருட்டுத்தனமா கேட்டவனுக்குத்தானே இடம் தெரியும்?" என்றான். பொறாமைக்காரன்.

இப்போது எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். காசு கட்டினால் உன் பாட்டு சுத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் நம் வீட்டு விருந்தில் யாரோ பதிந்து இணையத்தில் போட்டதில், "சித்தப்பா, கொஞ்சம் வாயை மூடுங்க, பாடணும்ல" என்று நீ சிரிப்பாயே, அது எங்கும் இல்லை. அந்த இணைப்பையும் சேர்த்துத்தான் வக்கீலிடம் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் புத்தாண்டு வசந்த விழாவுக்காவது வா. பாடக்கூட வேண்டாம். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். நீ அதட்டினால் போதும்.

உன் சித்தப்பா