அண்ணனுக்கு நான் வைத்த குறை

பாசமுள்ள அண்ணா,

நீங்கள் போன பிறகு உங்களை வைத்து ஒரு கதை எழுதினேன். பெயரையும் வேலையையும் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்திரிகை ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் பாத்திரம் சாமி சிலை மாதிரி இருக்கிறது, ஒரு குறையாவது வையுங்கள், அப்போதுதான் நம்புவார்கள் என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு.

நானும் உங்கள் குறையைத் தேடினேன். போத்தனூரில் யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுசனுங்க" என்கிறார்கள். முன்கோபம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கதையில் குடிக்க வைத்தேன். நீங்கள் கிளாஸைப் பிடித்த லட்சணத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் ஒன்று தானாக வந்தது. யார் கூப்பிட்டாலும் முகம் கோணாமல் "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, போகாமலே இருந்துவிடுகிற குறை. முடியாது என்று சொன்னால் மரியாதை இல்லையாம் கதையில் வரும் அண்ணனுக்கு. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கதை அச்சாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் குழப்பம். உடுமலைப்பேட்டை மாமா படித்துவிட்டு, "அவன் அப்படித்தானே கண்ணு. எம் புள்ள நிச்சயத்துக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு வரவே இல்லையே" என்றார். நீங்கள் போனதாகத்தான் எனக்கு ஞாபகம். போனீர்களா அண்ணா?

அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "எல்லாரும் தங்கம் தங்கம்னு சொல்றப்ப எனக்கு அழுகைகூட வரலே அம்மணி. மருதமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பாரு? உங்கதையப் படிச்சப்பறந்தான் என்ற ஊட்டுக்காரரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு." சொல்லிக்கொண்டே அழுதார். இத்தனை மாதத்தில் அவர் அழுதது அன்றுதான்.

அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அது என் குறை அண்ணா. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு" என்றீர்கள். "நாளைக்கு வாரேண்ணா" என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம். உங்களைப் படுக்கையில் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் போன் செய்தது அண்ணி.

இந்த உண்மையை அவரிடம் சொல்லிவிட்டால், அண்ணிக்குத் திரும்பக் கிடைத்த மனுஷர் மறுபடியும் தங்கமாகிவிடுவாரோ? இல்லை, நிஜமாகவே உங்களுக்கும் அந்தக் குறை இருந்ததா? அண்ணியும் மாமாவும் உங்களைத்தான் நினைத்துப் பார்க்கிறார்களா, என் கதையையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் என் குறையை இனி உங்கள் தலையில் வைக்கமாட்டேன். இன்றைக்கே அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன், அவர் என்ன நினைத்தாலும் சரி. அவருக்கு "வாரேன்" என்று சொல்லி அனுப்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படி ஆடுகிறது. நீலாம்பூர் தாண்டிவிட்டது அண்ணா.

உங்கள் தங்கச்சி,
சரசு